கூழையாற்றுக் கரையில் ஒதுங்கிய ஆமை: எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன?

வகுப்பறை ஜன்னல் | மார்ச் 8, இரவு 9.15

இன்று காலை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரை அழைத்துக்கொண்டு சீர்காழிப் பக்கம் கூழையாறு கடற்கரைக்குப் போயிருந்தேன். ஆமைக்குஞ்சு பொரிப்பகத்தைக் காட்டுவதுதான் திட்டம். அடைப்புக்குள் முட்டைகளைப் புதைத்த மணலில் வரிசை வரிசையாகக் குச்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதியும் ஓர் எண்ணும் எழுதிய அட்டை. பிள்ளைகள் குஞ்சுகளைப் பார்க்க வந்தார்கள், குச்சிகளைத்தான் பார்த்தார்கள். சலித்துப்போய் அலையோரம் நடந்தவர்கள் அரை கிலோமீட்டர் தெற்கே ஒரு செத்த ஆமையைக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டார்கள்.

கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தது. வெட்டுக்காயம் எதுவும் இல்லை. முதுகோட்டின் குறுக்கே சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு. மூன்று கேள்விகள் கேட்டார்கள். பெயிண்ட் அடித்தது யார்? இது எந்த ஊர் ஆமை? கடலிலேயே பிறந்து வளர்ந்த பிராணி கடலில் எப்படி மூழ்கிச் சாகும்? நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன். நாளை முதல் பாடவேளையே அவர்களோடுதான். தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

கொள்ளிடத்தான் | மார்ச் 8, இரவு 10.02

டீச்சர், பெயிண்ட் கணக்குக்காக. ஒரே ஆமையை இன்றைக்கு ஒருவரும் நாளைக்கு இன்னொருவரும் எண்ணிவிடக் கூடாது அல்லவா? எண்ணி முடித்ததன் ஓட்டில் அடையாளம் வைத்துவிடுவார்கள். குழி தோண்ட ஆள் கிடைத்தால் புதைத்தும் விடுவார்கள்.

நீங்கள் பார்த்தது பங்குனி ஆமை. ஓடு இரண்டடிக்குச் சற்று மேல், எடை நாற்பது கிலோவைச் சுற்றி இருக்கும். பெயர்தான் பங்குனி, தை மாதமே வரத் தொடங்கிவிடும். தமிழகக் கடலில் ஐந்து வகை ஆமைகள் உண்டு, பலகையில் எழுதிப் போடுங்கள்: பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. நம் டெல்டாக் கரையில் ஏறி முட்டையிடுவது பெரும்பாலும் முதலாவதுதான்.

எந்த ஊர் என்றால், வங்கக் கடல்தான் ஊர். ஒடிசாவில் கஹிர்மாதா, தேவி முகத்துவாரம், ருஷிகுல்யா என்று மூன்று கரைகள். அங்கே சில இரவுகளில் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டமாக ஏறும். 2023-இல் ருஷிகுல்யாவில் மட்டும் 6 லட்சத்துக்கு மேல் கணக்கிட்டார்கள். அங்கே துடுப்பில் உலோக வில்லை மாட்டி விட்ட ஆமைகள் தமிழகக் கரையிலும் இலங்கையிலும் அகப்பட்டிருக்கின்றன. 2001 ஏப்ரலில் தேவி முகத்துவாரத்தில் நான்கு ஆமைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். மூன்று அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தன, ஒன்று இலங்கை வரை இறங்கியது. நம் கரை அந்த நெடுஞ்சாலையின் ஓரம். ஆனால் எல்லாமே வழிப்போக்கர்கள் இல்லை. இங்கேயே ஒன்றும் இரண்டுமாக ஏறி முட்டையிட்டுவிட்டுப் போகிறவையும் உண்டு. அந்தக் குச்சிகள் அவற்றின் கணக்கு.

மூன்றாவது கேள்விக்கு உப்புக்காற்று வரட்டும். பரங்கிப்பேட்டையில் கடல் உயிர்களைப் பற்றியே படித்த பெண்.

உப்புக்காற்று | மார்ச் 8, இரவு 10.40

கூப்பிட்டதற்கு நன்றி ஐயா. டீச்சர், ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டுதான் கீழே போகும். அமைதியாகக் கிடந்தால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். விசைப்படகு இழுத்துப் போகிற பை வலையான இழுவை மடிக்குள் மாட்டிக்கொண்டு திமிறும்போது அந்தக் காற்று விரைவில் தீர்ந்துவிடும். மடியை ஒரு தடவை இறக்கினால் இரண்டு மூன்று மணி நேரம் இழுப்பார்கள். தூக்கிப் பார்க்கும்போது சில செத்திருக்கும், சில மயங்கியிருக்கும். மயங்கியதைச் செத்தது என்று நினைத்து உடனே தண்ணீரில் தள்ளினால் அதுவும் செத்துவிடும். தலைப்பக்கம் தாழ்வாக, பின்பக்கம் சற்று உயரமாகத் தளத்தில் நிழலில் கிடத்தி, ஈரத்துணி போட்டு வைத்தால் சில மணி நேரத்தில் தெளிந்துவிடுவதும் உண்டு.

காயமில்லாத உடல், வீங்கிய கழுத்து, பிதுங்கிய கண். பெரும்பாலும் வலைச் சாவு. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு உள்ளிட்ட கரைகளில் ஆயிரத்துக்கு மேல் ஒதுங்கியபோதும் இதே கதைதான்.

ஏட்டுச்சுவடி | மார்ச் 9, காலை 6.30

இவ்வளவு எழுதுகிறீர்கள், முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். சோழர்கள் கடாரத்துக்குப் போனதே ஆமைகளைப் பின்தொடர்ந்துதான். 1025-இல் இராசேந்திரன் கப்பல்களுக்கு வழிகாட்டியவை இந்தப் பங்குனி ஆமைகள். பூம்புகாரில் இருந்து கொண்டு இதைக்கூடச் சொல்லாமல் செயற்கைக்கோள், வில்லை என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

உப்புக்காற்று | மார்ச் 9, காலை 8.10

ஐயா, இந்தச் செய்தி எனக்கும் மாதம் ஒருமுறை கைபேசியில் வருகிறது. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். பங்குனி ஆமை நாம் நடக்கிற வேகத்தைவிட மெதுவாகத்தான் போகும். ஒரு தடவை மூழ்கினால் எங்கே எழும் என்று யாருக்கும் தெரியாது. இரவில் கண்ணுக்கே தெரியாது. பாய் விரித்துக் காற்றோடு போகிற கப்பல் அதற்காக நடுக்கடலில் காத்துக்கொண்டு நிற்குமா? பருவக்காற்றையும் நட்சத்திரத்தையும் நம்பிப் போனவர்களை ஆமையின் வாலைப் பிடித்துக்கொண்டு போனவர்களாக ஆக்குவது அவர்களுக்குத்தான் குறைவு.

இன்னொன்று, வில்லையும் கருவியும் பொருத்திப் பார்த்ததில் ஆமைகள் போன திசைகள். 2021-இல் ஒடிசாவில் 03233 என்ற எண்ணுள்ள வில்லை மாட்டி விட்ட பங்குனி ஆமை 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் குஹாகர் கடற்கரையில் ஏறி முட்டையிட்டது. ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். இலங்கையைச் சுற்றிப் போனதோ, பாம்பன் வழியாகப் புகுந்ததோ, எப்படியும் வங்கக் கடலில் இருந்து அரபிக் கடலுக்கு மாறியிருக்கிறது. அதுவரை கிழக்குக் கரை ஆமை வேறு, மேற்குக் கரை ஆமை வேறு என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். அந்தமானில் கருவி பொருத்திய ஏழுவரி ஆமைகளில் சில ஆஸ்திரேலியாப் பக்கமும் சில ஆப்பிரிக்கக் கரைக்கும் போயின. அவற்றின் பின்னால் போயிருந்தால் இராசேந்திரன் மொசாம்பிக்கில் அல்லவா இறங்கியிருப்பான்!

ஏட்டுச்சுவடி | மார்ச் 9, மதியம் 1.25

சரி அம்மா, கடாரத்தை விட்டுத் தருகிறேன். அகநானூற்றை விடமாட்டேன். 160ஆம் பாட்டு, குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியது. சூல் முற்றிய ஆமை அடும்புக் கொடியைச் சிதைத்துக்கொண்டு வருகிறது. கழிக்கரை வெண்மணல் மேட்டில் முட்டைகளை மறைத்துப் புதைக்கிறது. முட்டை யானைத் தந்தத்தில் கடைந்த வட்டைப் போல் இருக்கிறது, புலால் நாறுகிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காவல் காக்கிறது. இவ்வளவு நுட்பமாக அந்தக் காலத்தில் வேறு யார் பார்த்தார்கள்?

உப்புக்காற்று | மார்ச் 9, மதியம் 2.00

கொடி, மேடு, முட்டையின் வடிவம், நாற்றம் எல்லாம் அப்படியே சரி. இதில் எனக்கும் பெருமைதான். ஆனால் கடலாமைகளில் ஆண் பெரும்பாலும் கரைக்கு வருவதே இல்லை. குஞ்சாகக் கடலில் இறங்கினால் அதோடு சரி. முட்டையிட்ட தாயும் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும், காவலெல்லாம் கிடையாது.

கொள்ளிடத்தான் | மார்ச் 9, மாலை 5.45

தாய் முட்டையிடுகிற காலத்தில் அலை உடைகிற இடத்துக்கு அப்பால் ஆமைத் தலைகள் மிதப்பதைக் கரையில் நிற்கிறவர்கள் பார்ப்பது உண்டு. புலவர் அதைப் பார்த்துவிட்டுப் புருஷன் காத்திருக்கிறான் என்று முடிவு கட்டியிருக்கலாம். தலைவிக்காகத் தோழி பேசுகிற பாட்டில் கணவனை ஊர்க் காவலுக்கு நிறுத்தாமல் என்ன செய்வார்கள்?

பாட்டில் உள்ள அடும்பைத்தான் நாங்கள் அடப்பங்கொடி என்கிறோம். அதை முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கொடி படர்ந்த மேடு எத்தனை இடத்தில் மிச்சம் இருக்கிறது? சுனாமிக்குப் பிறகு மேட்டையெல்லாம் நிரவி அலைக்கு இருபது முப்பது அடி வரை சவுக்கு வைத்துவிட்டார்கள். ஆமை ஏறி வருகிறது, சவுக்கு வேரில் துடுப்பு முட்டுகிறது, தோண்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. முட்டையிடாமல் போன தடத்தைப் பொய்த்தடம் என்போம். எங்கள் பக்கம் சவுக்கின் எதிரில் பார்க்கிற தடங்களில் பாதி அப்படித்தான். கஜா புயலில் 2018-இல் வேதாரண்யம் பக்கம் மரங்கள் விழுந்தபோது எல்லாரும் அழுதோம். நான் மட்டும் கொஞ்சம் குறைவாக அழுதேன் என்று சொன்னால் அடிக்க வராதீர்கள்.

வலைக்காரன் | மார்ச் 10, இரவு 8.30

தரங்கம்பாடிப் பக்கம் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். இரண்டு நாளாக வாசிக்கிறேன். புலவர் பேசினார், டீச்சர் பேசினார், படித்த தங்கை பேசினார். வலை வைத்திருக்கிறவன் ஒருவனும் பேசவில்லை.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். வலையும் அப்படித்தான். ஒரு ஆமை என் திருக்கை வலையில் மாட்டினால் அது சுற்றிச் சுற்றி வலையை உருண்டையாக்கிவிடும். அறுத்துத்தான் எடுக்க வேண்டும். உயிரோடு இருந்தால் கடலில் விடுவேன். என் அப்பா தலையில் கடல்நீர் தெளித்துக் கும்பிட்டுவிட்டுத்தான் விடுவார், நான் கும்பிடுகிற அளவுக்கு நேரம் இருப்பதில்லை. வலை நட்டத்தை யார் தருகிறார்கள்? செத்ததைக் கரைக்குக் கொண்டுவந்தால் நீதான் கொன்றாய் என்று வழக்கு வரும் என்ற பயம் வேறு. அதனால் யாரும் கொண்டுவருவதில்லை. அப்படியே தள்ளிவிடுவோம், அலை கொண்டுவந்து உங்கள் கூழையாற்றில் போடும். வந்து பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறை ஜன்னல் | மார்ச் 10, இரவு 9.05

அண்ணன், நீங்கள் எழுதியதை நாளை வகுப்பில் அப்படியே வாசிக்கிறேன். பிள்ளைகளில் நான்கு பேர் மீனவ வீடு. முதல் நாள் ஆமையைப் பார்த்தபோது அவர்கள்தான் வாயே திறக்கவில்லை. ஏன் என்று இப்போது புரிகிறது.

மூன்றாம் பங்கு | மார்ச் 11, காலை 7.20

நாகையில் ஒரு விசைப்படகில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு. எல்லாப் பழியும் எங்கள் தலையில்தான் விழும் என்று தெரியும், அதனால் நானே வந்துவிட்டேன்.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுக்கக் கூடாது என்பது விதி. தை, மாசியில் இறால் அதற்குள்தான் இருக்கிறது. ஆமையும் அங்கேதான் இருக்கிறது. வெளியே போனால் டீசல் காசுகூடத் தேறாத நாட்கள் உண்டு. உள்ளே வருகிறவர்கள் வருகிறார்கள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆமை விலக்கி மாட்டு என்கிறார்கள். கொச்சியில் செய்த மாதிரியை ஒருமுறை மாட்டிப் பார்த்தோம். மடியின் கழுத்தில் முட்டை வடிவில் ஒரு கம்பிச் சட்டம். இறால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து பின்னால் போய்விடும், ஆமை கம்பியில் மோதி மேலே உள்ள வாசல் வழியாக வெளியேறும். கேட்க அழகாகத்தான் இருந்தது. அந்த வாசல் வழியாகப் பெரிய மீனும் போயிற்று. குப்பையும் கொடியும் கம்பியில் அடைத்தால் இறாலும் போயிற்று. நான்காவது இழுப்பில் கழற்றி வைத்தோம், இன்றைக்கும் வலை வைக்கிற கொட்டகையில், எங்கள் வாடியில், துருப்பிடித்துக் கிடக்கிறது.

உப்புக்காற்று | மார்ச் 11, காலை 9.50

ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி அண்ணன். சட்டத்தின் சாய்வு சரியாக இல்லாவிட்டால் இழப்பு கூடும். நான்கு இழுப்பில் அதைச் சரிசெய்ய முடியாது, கூடவே வந்து பழக்கிக்கொடுக்க ஆள் வேண்டும். அதை யாரும் செய்யவில்லை என்பது உங்கள் தவறு இல்லை.

ஆனால் மாட்டாததற்கும் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆமை விலக்கி இல்லை என்ற காரணத்துக்காகவே இந்தியாவின் கடல் இறாலை அமெரிக்கா 2018 முதல் வாங்குவதில்லை. வளர்ப்பு இறாலுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் பண்ணைக்காரருக்கு அந்தச் சந்தை திறந்திருக்கிறது, உங்களுக்கு மூடியிருக்கிறது.

வலைக்காரன் | மார்ச் 11, இரவு 7.40

எனக்கு ஒரு கணக்கு இடிக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆமை வருவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஆமை போன பிறகு கதவைப் பூட்டுகிறோம்.

கொள்ளிடத்தான் | மார்ச் 11, இரவு 8.15

தம்பி, 61 நாள் மீன் முட்டையிடுவதற்காக வைத்தது, ஆமைக்காக இல்லை. ஒடிசாவில் ஆமைக்கென்றே தனித் தடை உண்டு. நவம்பர் 1 முதல் மே 31 வரை, அந்த மூன்று கரைகளின் எதிரில் 20 கிலோமீட்டர் வரை. மீனவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. ஏழு மாதத்தை இங்கே கொண்டுவந்தால் தரங்கம்பாடியில் அடுப்பு எரியாது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மகாராஷ்டிரத்தில் வேறு வழி பார்த்தார்கள். ஆமை போன்ற பாதுகாக்கப்பட்ட உயிர் மாட்டினால் வலையை அறுத்து விட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், வலைக்கு ரூ.25,000 வரை இழப்பீடு. 2018 முதல் நடக்கிறது. வலை உங்கள் கையில் இருக்கிறவரை ஆமையின் உயிரும் உங்கள் கையில்தான். அந்தக் கைக்குக் காசு கொடுப்பதில் என்ன வெட்கம்?

வகுப்பறை ஜன்னல் | மார்ச் 12, இரவு 9.30

ஒரு பையன் கேட்ட கேள்வி: ஆமை அது பாட்டுக்குப் புதைத்துவிட்டுப் போன முட்டையை ஏன் தோண்டி எடுத்து வேறு இடத்தில் புதைக்க வேண்டும்?

கொள்ளிடத்தான் | மார்ச் 12, இரவு 11.10

நல்ல பையன். ஒரு ராத்திரியைச் சொல்கிறேன், வாசித்துக் காட்டுங்கள்.

சென்ற மாதம், விடிய மூன்று மணி நேரம் இருந்தது. விளக்கு இல்லாமல் நடந்தோம். முதலில் தடம்தான் காலில் பட்டது. டிராக்டர் சக்கரம் ஒற்றையாகப் போன மாதிரி, இடதும் வலதும் மாறி மாறி. தடத்தின் முடிவில் அது உட்கார்ந்திருந்தது. பின்துடுப்பைக் கரண்டி மாதிரி வளைத்து மண்ணை அள்ளி ஓரத்தில் வைத்தது, அடுத்த துடுப்பால் அள்ளி அந்த ஓரத்தில் வைத்தது. ஒன்றரை அடி ஆழம், கழுத்து குறுகி அடி பருத்த குடம் மாதிரி. முட்டை இரண்டு இரண்டாக விழுந்தது. கண்ணில் நீர் கோத்து மணல் ஒட்டியிருந்தது. அழுகிறது என்பார்கள், உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். மூடிய பிறகு செய்வதுதான் எனக்குப் பிடிக்கும். உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து அடிவயிற்றோட்டால் மண்ணைத் தொம், தொம் என்று இடித்துக் கெட்டிக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் நம் இடுப்பெலும்பில் அந்த அதிர்வு தெரியும். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

குச்சியால் மெல்லக் குத்தி, மண் இளகிய இடத்தைக் கண்டுபிடித்துக் கையால் எடுத்தோம். 114 முட்டைகள். இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். நேரம் கடந்தால் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு உருட்டினால் செத்துவிடும். எங்கள் வேலை முடிந்து திரும்பும்போது அதே தடத்தில் மூன்று நாய்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றன. பையனுக்குப் பதில் அந்த மூன்று நாய்கள். கோடியக்கரையில் என்றால் நரியும் காட்டுப்பன்றியும். நாய் இல்லாத இடத்தில் கடல். மேட்டூர் அணை 1934-இல் வந்தது; அதற்கு மேலும் கீழும் எத்தனை தடுப்பு, எத்தனை மணல் லாரி. காவிரி கடலுக்குக் கொண்டுவந்த மண் குறைந்துவிட்டது. ஓரிடத்தில் அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டுகிற தூண்டில் வளைவுக்குக் கல் கொட்டினால் அடுத்த ஊர்க் கரை கரைகிறது. பொங்கலுக்கு நான் நடந்த மணல் சித்திரையில் இருப்பதில்லை, அதில் முட்டை எப்படி இருக்கும்?

உப்புக்காற்று | மார்ச் 13, காலை 8.45

ஐயா சொல்வது சரி, ஆனாலும் பொரிப்பகம் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். ஆமைக்கு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. 29 டிகிரியை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து வரும், அதற்கு மேல் ஏற ஏறப் பெண்ணே வரும். இயற்கைக் கரையில் ஒரு கூடு நிழலில், ஒன்று ஈரத்தில், ஒன்று வெயிலில் இருக்கும். பொரிப்பகத்தில் எல்லாம் ஒரே சதுரத்தில். மேலே கீற்று போடாவிட்டால் பங்குனி வெயிலில் முழுக்கப் பெண் குஞ்சாகவே போகலாம். சூடு எல்லை மீறினால் குஞ்சே வராது. பாதுகாப்பான இடத்தில் உள்ள கூட்டை அங்கேயே விட்டுக் கம்பி வலை மூடுவதுதான் நல்லது.

இன்னொரு வயிற்றெரிச்சல். குஞ்சு 45 முதல் 60 நாளில் பொரிந்து, இரண்டு மூன்று நாள் மண்ணைத் துளைத்து, மணல் குளிர்ந்த ராத்திரியில் மேலே வரும். வந்த முதல் சில மணி நேரத்தில்தான் அதன் உடம்பில் நீந்துகிற வெறி உச்சத்தில் இருக்கும், அந்த வேகத்தில்தான் கரையோர மீன்களைத் தாண்டி ஆழத்துக்குப் போகும். ஓரிடத்தில் விடியற்காலை வந்த குஞ்சுகளைப் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, பெரிய மனிதர் ஒருவர் வந்து விடுவதற்காகக் காலை பத்து மணி வரை வைத்திருந்ததைப் பார்த்தேன். தொட்டிச் சுவரில் முட்டி முட்டி நீந்திக்கொண்டே இருந்தன. விட்டபோது மேலே காக்கையும் செம்பருந்தும் தயாராக வந்துவிட்டன. படம் நன்றாக வந்தது.

2024-இல் தமிழ்நாடு முழுக்க 2 லட்சத்துக்கு மேல் குஞ்சுகளை விட்டார்கள். ஆயிரத்தில் ஒன்று பிழைத்து வளர்ந்தால் பெரிது என்பது பொதுவான கணிப்பு. அப்படியென்றால் அது இருநூறு ஆமை. 2025 ஜனவரியில் ஒரே மாதத்தில் ஒதுங்கியது ஆயிரத்துக்கு மேல், பெரும்பாலும் முட்டையிடும் பருவம் வந்தவை. இந்தக் கழித்தலைப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள் டீச்சர்.

ஏட்டுச்சுவடி | மார்ச் 13, இரவு 7.00

தொட்டியைப் பற்றி வாசித்துவிட்டு நெடுநேரம் எழுத முடியவில்லை. அடும்புக் கொடியை வைத்துப் பிடிக்க ஒரு வழி உண்டா கொள்ளிடத்தாரே? தண்டு கிள்ளி நட்டால் வேர்விடுமா?

கொள்ளிடத்தான் | மார்ச் 13, இரவு 7.25

விடும். ஐப்பசி மழை தொடங்கியதும் கணுவோடு கிள்ளி நடுங்கள். இராவணன் மீசைப் புல்லையும் கூடவே வையுங்கள், மண்ணைப் பிடித்து மேடு கட்டும். ஆடு வராமல் முள் வைக்க மறக்க வேண்டாம்.

வலைக்காரன் | மார்ச் 16, காலை 10.15

இன்று விடியற்காலை திருக்கை வலையில் ஒன்று, உயிரோடு. மூன்று சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. மகன் கைபேசியில் படம் எடுத்தான், நான் அறுத்தேன். தளத்தில் அரை மணி நேரம் ஈரச் சாக்கு போட்டு வைத்தோம். தங்கை சொன்ன மாதிரி பின்பக்கத்தை உயர்த்தி வைத்தேன். தலையைத் தூக்கி ஒரு பெருமூச்சு விட்டது, மனிதன் விடுகிற மாதிரியே இருந்தது. மகன் பயந்து பின்னால் போனான். இறக்கிவிட்டோம். வலையில் ஆறு முழம் போயிற்று.

மூன்றாம் பங்கு | மார்ச் 16, மதியம் 12.40

தம்பி, என் வாடியில் வலை நூல் மிச்சம் இருக்கிறது. உங்களுடையது தங்கூசியா, நைலான் நூலா? கண்ணி அளவைச் சொல்லுங்கள், நாளைக்கு மீன் வண்டியில் கொடுத்துவிடுகிறேன்.

வலைக்காரன் | மார்ச் 16, மதியம் 1.05

நைலான் அண்ணன். பெரிய கண்ணி, கை நுழைகிற அளவு. வண்டி காலை ஏழு மணிக்குள் வந்தால் நல்லது, எட்டு மணிக்கு டீச்சர் பிள்ளைகளோடு வருகிறாராம். வலை பொத்துவதைப் பார்க்க வேண்டுமாம்.